கோப்புக் கிடங்குக்கு ஒரு சாசனம்

மைசூரில் தமிழ் நண்பர்கள் கூட்டிய மாலை அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்



கல்வெட்டை மைப்படி எடுப்பதை உங்களில் எத்தனை பேர் நேரில் பார்த்திருக்கிறீர்கள்? முதலில் கல்லைத் தேய்த்துக் கழுவுவார்கள். நனைத்த தாளை அதன்மேல் படிய வைத்து, பிரஷால் தட்டித் தட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்படி செய்வார்கள். பிறகு கரி மையை ஒற்றுவார்கள். மேட்டில் மை ஏறும், பள்ளத்தில் ஏறாது. காய்ந்ததும் உரித்தெடுத்தால் கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து. கல் இருக்கும் ஊருக்குப் போகாமலேயே அதைப் படிக்கலாம். பின்னாளில் கல் உடைந்தாலும், சுண்ணாம்பு பூசி மறைத்தாலும், தாள் இருக்கும்.

அப்படி எடுத்த தாள்களில் பெரும் பகுதி பல ஆண்டுகள் இந்த ஊரில்தான் இருந்தது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் ஊட்டியிலிருந்து மைசூருக்கு வந்தது. அந்தப் பிரிவின் வேர் 1886இல் ஹுல்ஷ் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பட்டதில் இருக்கிறது. அவர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும் உங்களுக்குத் தெரியும். அந்த வழக்கைப் பற்றிப் பேச நான் வரவில்லை. ஆனால் அதைப் படித்தபோது ஒன்று உறைத்தது. ஒரு தாள் ஒரு நேரத்தில் ஓர் ஊரில்தான் இருக்க முடியும். அதனால்தான் எந்த ஊர் என்ற கேள்வி இவ்வளவு கனக்கிறது. அதே தாளை ஸ்கேன் செய்து வைத்தால் மைசூரிலும் சென்னையிலும் லண்டனிலும் ஒரே நேரத்தில் திறக்கலாம். அப்போது கேள்வி மாறுகிறது. ஸ்கேன்களை வைக்கும் கிடங்கின் விதிகளை யார் எழுதுவது, எங்கே எழுதுவது, எழுதியதை யார் படிப்பது? நான் பதினைந்து ஆண்டுகளாகச் செய்யும் வேலை இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

ஒரு பயிற்சிக் கணக்கு போடுவோம். எந்த அலுவலகத்தின் கணக்கும் இல்லை, நம் வசதிக்கு. ஒரு மைப்படியின் நல்ல ஸ்கேன் 100 எம்.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் மைப்படி என்றால் 1 டி.பி. ஸ்கேன் செய்பவர் எழுத வேண்டும், படிப்பவர்கள் பத்து இடங்களிலிருந்து படிக்க வேண்டும், எழுத்தை அடையாளம் காணும் நிரல் ஒன்று இரவில் எல்லாவற்றையும் ஒருமுறை வாசிக்க வேண்டும். 1969இல் தொடங்கி, இந்த ஊர் மானசகங்கோத்ரியில் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் போன்ற இடங்களில் ஒலிப்பதிவுகளைச் சேர்ப்பவர்களுக்கும் தேவை ஏறத்தாழ இதுதான். எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஃபோல்டர் வேண்டும்.

பல கணினிகளுக்குப் பொதுவாக ஒரு ஃபோல்டர் என்பது பழைய ஆசை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் என்.எஃப்.எஸ். என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் அடித்தளம் அதுதான். அமேசான் 2016இல் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்த இ.எஃப்.எஸ். என்ற சேவை, என்.எஃப்.எஸ். நான்காம் பதிப்பையே பேசுகிறது. வேறுபாடு ஒன்றுதான்: டிஸ்க் வாங்குவது, பழுதானதை மாற்றுவது, இடம் போதாமல் தவிப்பது எல்லாம் அவர்கள் பாடு. கோப்பு சேரச் சேரக் கிடங்கு தானாகப் பெரிதாகும். நம்மிடம் விட்டுவைத்தது விதிகளை மட்டும்.

அந்த விதிகளை அமைக்க இரண்டு வழி. ஒன்று, கன்சோல் என்ற இணையத் திரையில் பொத்தான்களை அழுத்திக்கொண்டே போவது. ஐந்து நிமிடத்தில் கிடங்கு தயார். ஆறு மாதம் கழித்து, இந்தப் பொத்தானை ஏன் அழுத்தினோம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கமாட்டார். இன்னொன்று, எழுதுவது. அமேசான் 2019 ஜூலையில் சி.டி.கே. என்ற லைப்ரரியை டைப்ஸ்கிரிப்டுக்கும் பைத்தானுக்கும் முழுமையாக வெளியிட்டது. எனக்கு இன்ன இடத்தில், இன்ன பெயரில், இன்ன விதிகளோடு ஒரு கிடங்கு வேண்டும் என்று சாதாரண நிரலாக எழுதுகிறோம். லைப்ரரி அதை கிளவுட்ஃபார்மேஷன் என்ற விதிப் பட்டியலாக மாற்றித் தருகிறது. அந்தப் பட்டியலைப் படித்து அமேசானின் மேகக்கணினி கிடங்கைக் கட்டுகிறது. நாளைக்கு ஒரு வரியைத் திருத்தினால், பழைய பட்டியலுக்கும் புதியதற்கும் என்ன வேறுபாடு என்று பார்த்து அந்த வேறுபாட்டை மட்டும் நிறைவேற்றுகிறது.

இதைக் கேட்டதும் எனக்கு உத்தரமேரூர்தான் நினைவுக்கு வரும். பராந்தக சோழன் காலத்தில், 919இல், ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்று விதி எழுதிச் சுவரில் வெட்டினார்கள். வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். இரண்டே ஆண்டு கழித்து, 921இல், அதைத் திருத்தி மறுபடி வெட்டினார்கள். இப்போது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். முதல் கல்வெட்டை அவர்கள் செதுக்கி எடுத்துவிடவில்லை. இரண்டும் ஒரே கோயில் சுவரில் இருக்கின்றன. என்ன மாறியது என்பதை ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து நாம் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, ஏன் மாற்றினோம் என்பதையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள்: ஊரில் தீயவர் கெட்டு மற்றவர் தழைக்க வேண்டும் என்பதற்காக. அரசன் அனுப்பிய அதிகாரி உடனிருந்தார் என்பதும் அதிலேயே இருக்கிறது. என்ன, எப்போது, யார் முன்னிலையில், எதற்காக. நிரல் எழுதும் இளைஞர்களே, நீங்கள் கிட் என்ற மாற்றப் பதிவேட்டில் ஒரு மாற்றத்தைச் சேர்க்கும்போது எழுதும் ஒற்றை வரிக் குறிப்பை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் "ஃபிக்ஸ்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம்.

சரி, நம் கிடங்குக்கு வருவோம். எங்கே கட்டுவது? அமேசானின் மும்பை மண்டலம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் மூன்று ஜோன்கள் உண்டு. ஒன்றில் மின்சாரம் போனாலும் மற்றவை நிற்கும்படி தள்ளித் தள்ளிக் கட்டிய தரவு மையங்கள் அவை. இ.எஃப்.எஸ். வழக்கமான வகையில் ஒவ்வொரு கோப்பையும் பல ஜோன்களில் வைக்கும். ஒற்றை ஜோனில் மட்டும் வைக்கும் மலிவு வகையும் உண்டு. திரும்ப உருவாக்கிக்கொள்ளக்கூடிய கோப்புக்கு அது போதும். மைப்படி ஸ்கேனுக்குக் கூடாது. இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கிரந்த எழுத்து ஓலைக்கட்டு ஒன்று இங்குள்ள கீழ்த்திசை நூலகத்தில் இருந்தது. 1905இல் அந்நூலகத்தின் சாமசாஸ்திரி அதை அர்த்தசாஸ்திரம் என்று அடையாளம் கண்டார், 1909இல் அச்சிட்டார். நூற்றாண்டுகளாகத் தொலைந்துபோனதாக நினைத்த நூல் ஓர் ஓலைக்கட்டில் கிடந்திருக்கிறது. அந்தக் கட்டைக் கரையான் அரித்திருந்தால்?

அடுத்தது கதவு. ஒவ்வொரு ஜோனுக்கும் கிடங்குக்கு ஒரு வாசல் வேண்டும். மவுண்ட் டார்கெட் என்பார்கள். லைப்ரரி அதைத் தானே போட்டுத் தந்துவிடும். ஆனால் வாசலில் ஒரு காவல் உண்டு, செக்யூரிட்டி குரூப். என்.எஃப்.எஸ். வருவது 2049ஆம் போர்ட்டில். அந்த எண்ணை, குறிப்பிட்ட கணினிகளுக்கு, வெளிப்படையாகத் திறந்துவிட வேண்டும். லைப்ரரியில் ஒரே வரி: இந்தக் கணினியிலிருந்து இயல்பான போர்ட்டில் அனுமதி. அந்த ஒரு வரியை மறந்தால் பிழைச்செய்தி கூட உடனே வராது. மவுண்ட் கட்டளை அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கும். புதிதாக வருபவர்கள் முதல் நாளை முழுக்க இழப்பது இங்கேதான். கட்டளை தொங்கினால் முதலில் 2049ஐப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

உள்ளே வந்தவர் எதைத் தொடலாம் என்பதற்கு அக்சஸ் பாயிண்ட் இருக்கிறது. ஸ்கேன் செய்பவருக்கு ஒன்று, படிப்பவருக்கு ஒன்று. இந்த வழியாக வருபவர் இன்ன பயனர் எண்ணோடு, இன்ன ஃபோல்டருக்குள் மட்டும் என்று கட்டிவிடலாம். இதில் சொல்ல அதிகம் இல்லை, எழுதினால் நடக்கும்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது இங்கே. பர்ஸ்டிங் என்ற முறையில் வேகம் சேமிப்பின் அளவைப் பொறுத்தது. 1 டி.பி. வைத்திருந்தால் விநாடிக்கு 50 எம்.பி. நிலையான வேகம். 100 ஜி.பி. மட்டும் இருந்தால் வெறும் 5 எம்.பி. பயன்படுத்தாத நேரத்தில் வேகம் வரவாகச் சேரும். தேவைப்படும்போது அந்த வரவைச் செலவழித்து விநாடிக்கு 100 எம்.பி. வரை போகலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. புதிய கிடங்குக்கு 2.1 டி.பி. வரவு முதலிலேயே கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே சோதனை நாளில் எல்லாம் பறக்கும். மேலதிகாரி வந்து பார்ப்பார், மகிழ்ச்சியாகப் போவார். சேர்வதைவிட அதிகமாக எழுதியும் வாசித்தும் கொண்டே இருந்தால் ஒரு நாள் வரவு தீரும். அதன்பின், உள்ளே 100 ஜி.பி. மட்டும் இருந்தால், ஒரு மைப்படியை எழுத 20 விநாடி. யாரும் எதையும் மாற்றவில்லை, ஆனால் கிடங்கு ஊர்கிறது. இணைய இணைப்பைக் குறை சொல்வார்கள், ஸ்கேனரைக் குறை சொல்வார்கள். 2022 நவம்பரில் எலாஸ்டிக் என்ற முறை வந்தது. வரவுக் கணக்கு இல்லை, எவ்வளவு தரவு போய் வந்ததோ அதற்குக் காசு. விட்டுவிட்டு வேலை நடக்கும் நம் போன்ற கிடங்குக்கு அதுவே நல்லது என்பது என் கருத்து. நிரலில் மாற்ற வேண்டியது ஒரே சொல். வேக முறையைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், கிடங்குக்கு ஒன்றும் ஆகாது.

பின்னால் மாற்ற முடியாதவையும் உண்டு. அவற்றைத்தான் நான் இன்று சொல்ல வந்தேன்.

தரவை மறையாக்கம் செய்து வைப்பதா இல்லையா என்பது கிடங்கு பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வேக முறையிலிருந்து வேறான செயல்திறன் முறையும் அப்படித்தான். நிரலில் இவற்றுக்கான சொல்லைத் திருத்தினால் லைப்ரரி மறுக்காது. இலக்கணப் பிழையும் சொல்லாது. இருக்கிற கிடங்கை மாற்ற முடியாது என்பதால் புதிதாக ஒன்றைக் கட்டி, பழையதன் இடத்தில் அதை வைத்துவிடும். வெற்றுக் கிடங்கு. வேக முறைக்கும் ஒரு சொல், மறையாக்கத்துக்கும் ஒரு சொல். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். விளைவில் ஒன்று கதவுக்கு எண்ணெய் போடுவது, இன்னொன்று வீட்டை இடித்துக் கட்டுவது.

மூன்றாவது, பெயர். இதில் நான் அடிபட்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஆய்வாளர்கள் பயன்படுத்திய கிடங்கு ஒன்று என் பொறுப்பில் இருந்தது. சி.டி.கே.யில் எழுதும் ஒவ்வொரு பொருளுக்கும் நாம் ஓர் அடையாளப் பெயர் தருவோம். அந்தக் கிடங்குக்கு, சோதனைக் காலத்தில் வைத்த அசிங்கமான பெயர் ஒன்று நிலைத்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நிரலை ஒழுங்குபடுத்தும் ஆர்வத்தில் அதைத் திருத்தி நல்ல பெயர் வைத்தேன். விதி எதையும் தொடவில்லை, பெயரை மட்டும்தான். ஆனால் லைப்ரரி அந்தப் பெயரிலிருந்துதான் பட்டியலில் உள்ள அடையாளத்தைக் கணக்கிடுகிறது. பெயர் மாறினால் அதன் கண்ணுக்கு இது வேறு பொருள். பழைய பெயரில் ஒன்று இனி வேண்டாம், புதிய பெயரில் ஒன்று வேண்டும் என்று புரிந்துகொள்கிறது.

சி.டி.கே. டிஃப் என்ற கட்டளை, மாற்றத்தை நிறைவேற்றும் முன் என்ன நடக்கப்போகிறது என்று காட்டும். ஓட்டினேன். திரையில் ஒரு சொல் வந்தது: ஆர்ஃபன். அநாதை. நான் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கடந்து போனேன். பெயர் மாற்றம்தானே என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஃபோல்டர் காலி. ஒரு பெண் ஆய்வாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, கத்தவெல்லாம் இல்லை, மிக மெதுவாக, "சார், நாலு வருஷ வேலை அதில இருக்கு" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

தரவு போகவில்லை. ரிமூவல் பாலிசி என்ற விதி காப்பாற்றியது. பட்டியலிலிருந்து ஒரு பொருள் நீங்கினால் அதை என்ன செய்வது என்று சொல்லும் விதி அது. டெஸ்ட்ராய் என்றால் அழித்துவிடும். ரீட்டெய்ன் என்றால் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கிவிட்டு, பொருளை அப்படியே விட்டுவிடும். இ.எஃப்.எஸ். கிடங்குக்கு நாம் ஒன்றும் எழுதாவிட்டால் ரீட்டெய்ன்தான். ஆனால் அந்தக் காப்பு கிடங்குக்குத்தான், வாசல்களுக்கு இல்லை. மவுண்ட் டார்கெட்கள் எல்லாம் போய்விட்டன. உள்ளே நாலு வருஷ வேலை பத்திரமாக இருக்கிறது, உள்ளே போகக் கதவு ஒன்றுகூட இல்லை. கையால் புதிய வாசல் வைத்து, அதற்குள் புதிய கிடங்கில் சிலர் எழுதிவிட்டவற்றைப் பழையதோடு சேர்த்து, முடிக்க மறுநாள் விடிந்துவிட்டது. பழைய கிடங்கைப் பழைய பெயரிலேயே பட்டியலுக்குள் திரும்பச் சேர்த்தேன்.

அந்த வாரம்தான் நான் திருமழபாடியைப் பற்றிப் படித்தேன். தற்செயல்தான், ஆனால் அதன்பின் மறக்க முடியவில்லை. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அங்குள்ள கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். சுவரெல்லாம் பழைய கல்வெட்டு. நிலம், விளக்கு, நெய், ஆடு என்று யார் யாரோ கொடுத்த கொடைகளின் விதிகள். கல்லைப் பிரிக்கும் முன் அத்தனையையும் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். அவன் காலத்தில் வேலை முடியவில்லை. அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், புதிய சுவரில் அவை மறுபடி வெட்டப்பட்டன. இடையில் பத்தாண்டுக்கு மேல். அரசனே மாறிவிட்டான். புத்தகம் இருந்தது, அதைக் கல்லில் ஏற்ற வேண்டும் என்ற நினைவும் இருந்தது. இடித்துக் கட்டப்போகிறோம் என்று தெரிந்து இடித்தார்கள். எனக்கு அது தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு சொல் திரையில் வந்தும் நான் படிக்கவில்லை.

ஆகவே என்னிடம் வேலை கற்க வருபவர்களுக்கு முதலில் டிஃபைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். நிரல் எழுதுவது பிறகு. திரையில் ரிப்ளேஸ், டெஸ்ட்ராய், ஆர்ஃபன் என்ற மூன்று சொல்லில் ஒன்று வந்தால், கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் சரி.

ரிமூவல் பாலிசியைப் பற்றி இன்னும் ஒன்று. சோதனைக் கிடங்குகளை ரீட்டெய்ன் என்று விட்டால், மறந்துபோன கிடங்குகளுக்கு மாதாமாதம் காசு போகும். அதனால் சோதனையில் டெஸ்ட்ராய் எழுதுகிறோம். சரிதான். பிறகு அதே கோப்பை நகலெடுத்து உண்மையான கிடங்குக்கு வைக்கிறோம். அந்த ஒரு சொல்லும் சேர்ந்தே வந்துவிடுகிறது. பழைய கொடைக் கல்வெட்டுகளின் கடைசிப் பகுதியை நினைத்துப் பாருங்கள். நிலவும் கதிரும் உள்ளவரை இது நடக்க வேண்டும், இதை அழிப்பவனுக்கு இன்ன பாவம் என்று எழுதியிருப்பார்கள். கொடையின் அளவை எழுதிய அதே கவனத்தோடு, அது எப்படி முடியக்கூடாது என்பதையும் எழுதினார்கள். நம் நிரலில் அந்தக் கடைசிப் பகுதி ஒற்றைச் சொல்லாக ஒடுங்கிக் கிடக்கிறது. இயல்பே ரீட்டெய்ன்தானே என்று விட்டுவிடாமல், அதை வெளிப்படையாக எழுதுங்கள். படிப்பவருக்குத் தெரியட்டும்.

காப்புப் பிரதியையும் வெளிப்படையாக எழுத வேண்டும். கன்சோலில் கிடங்கு உருவாக்கினால் தானியங்கிக் காப்பு இயல்பாகவே சேர்ந்துவிடும். நாள்தோறும் எடுத்து 35 நாள் வைத்திருக்கும். லைப்ரரி வழியாக எழுதும்போது அதை நாம் கேட்டு வாங்க வேண்டும். திரையில் இருந்தது நிரலிலும் இருக்கும் என்று நம்பிப் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்னொரு மண்டலத்துக்கு, உதாரணமாக 2022இல் திறந்த ஹைதராபாத்துக்கு, பிரதி அனுப்பிக்கொண்டே இருக்கும் வசதியும் உண்டு. அதைக் காப்பு என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே ஒருவர் தவறாக ஒரு ஃபோல்டரை அழித்தால், கொஞ்ச நேரத்தில் அங்கேயும் அது அழியும். மண்டலமே போனால் காப்பாற்றுவது பிரதி, மனிதக் கை தவறினால் காப்பாற்றுவது காப்பு. இரண்டு வரி, இரண்டும் வேண்டும்.

நான் அந்த நிறுவனத்தை விட்டு வெகு காலம் ஆகிறது. வரும்போது, அந்த அசிங்கமான பெயருக்கு மேலே நாலு வரி குறிப்பு எழுதி வைத்துவிட்டு வந்தேன். இந்தப் பெயரை மாற்றக்கூடாது, மாற்றினால் என்ன நடந்தது, எந்த நாளில், திரும்பக் கொண்டுவர என்ன செய்தோம் என்று. சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. நான் விட்டுவந்த குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண். "சார், உங்க குறிப்பப் படிச்சேன். இந்தப் பேர நாங்க வேற ஃபைலுக்கு நகர்த்தணும், நகர்த்தினா அடையாளம் மாறிடுமா?" என்று கேட்டார். ஃபைல் மாறுவதால் மட்டும் மாறாது, மேலே உள்ள அடுக்கு மாறினால் மாறும் என்றேன். பழைய அடையாளத்தையே பிடித்து வைக்க லைப்ரரியில் ஒரு வழி இருப்பதைச் சொன்னேன். அரை மணி நேரம் பேசினோம். மறுநாள் அவர் டிஃபின் படத்தை அனுப்பியிருந்தார். மூன்று சொல்லில் ஒன்றும் அதில் இல்லை. என் நாலு வரிக்குக் கீழே அவர் இரண்டு வரி சேர்த்து, தேதி போட்டிருந்தார்.